தேதி போடாத அட்டை

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றியது. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. நான் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். அம்மா மேலே நின்று குழாயின் கழுத்தை ஸ்பேனரால் பிடித்திருந்தாள். மெயின் வால்வை மூடிவிட்டேன் என்று அப்பா வெளியிலிருந்து குரல் கொடுத்தார். அவர் மூடியது பக்கத்து வீட்டு வால்வு.

தண்ணீர் என் முகத்தில் பீய்ச்சி அடித்தது.

"அம்மா, விட்டுடாதே! கெட்டியாப் பிடி!"

"ஃபர்ம் கிரிப்," என்றாள் அம்மா.

ஸ்பேனரை மேடைமேல் வைப்பது கேட்டது. செருப்பு நடந்து போவது கேட்டது. அடுத்த அறையில் தகரப் பெட்டி திறந்தது.

"அம்மா!"

"இருடி, தேதி போட்டுட்டு வந்துடறேன். ஒன்றரை வருஷமாக் கிடக்குது இந்த அட்டை."

அவள் வந்தபோது எனக்குத் தலை முதல் இடுப்பு வரை குளித்து முடிந்திருந்தது. தண்ணீர் வரவில்லை என்று சொல்லப் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்றார். அப்பா அவரிடம், "எங்களுக்கு நல்லா வருதே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தரையைத் துடைக்கும்போது அம்மா சொன்னாள். "வர்ற ஞாயித்துக்கிழமை உன் சித்தி வீட்டுக்குப் போறேன்."

அப்பா நிமிர்ந்தார். "மறுபடியுமா?"

"அவ மெஷினுக்குக் கதவு ரப்பர் வந்துடுச்சு. குடுக்கணும்."

"அட்டை?" என்றேன்.

"அதையும்தான் குடுக்கணும்."

"சின்சியரா?" என்று கேட்டார் அப்பா. கிண்டலில்லை. இந்த வீட்டில் அது நியாயமான கேள்வி.

அம்மா துணியைப் பிழிந்தபடி யோசித்தாள். "இப்போதைக்கு இருக்கு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்குதான்னு பாக்கலாம்."

வியாழக்கிழமை காலை, கிடங்கில், ஏழாம் ரேக்கின் முன்னால் அம்மா இறந்துபோனாள். இதயம். கையில் பேனா திறந்தபடி இருந்ததாம்.

அம்மா வாஷிங் மெஷின் உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். முப்பத்தொரு வருடம். மோட்டார், பெல்ட், பம்ப், குழாய், கதவு ரப்பர் எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம் உருப்படி. ஒவ்வொன்றுக்கும் ரேக்கில் ஓர் அட்டை தொங்கும். பொருள் எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது, எப்போது கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, குறிப்பு. அட்டையில் இல்லாதது கிடங்கில் இல்லை என்பது அவள் கட்சி. மேனேஜர் ஒருமுறை கண்ணெதிரே இருந்த பம்ப்பைக் காட்டி, "இதோ இருக்கேம்மா" என்றார். "அட்டையில இல்ல சார். இருந்தாலும் இல்ல" என்றாள்.

ஆங்கிலம் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் வந்தது. கூரை ஒழுகியது. தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில்தான் தகவல் போக வேண்டும். அம்மா பத்தாவது வரை படித்தவள். பலமான மழை என்பதற்கு 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதி அனுப்பினாள். அங்கிருந்து ஓர் அதிகாரி போன் செய்தார். முதலில் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுப் பேசினார்.

"ஏம்மா, மழைக்கு 'ஹெவி'தான் போடணும். ஸ்ட்ராங்கை டீக்குப் போடுங்க."

"ஏன் சார்?"

"ஏன்னா? அப்படித்தான். காரணமெல்லாம் கிடையாது. அதுக்கு அது ஜோடி."

வேறு யாராவது என்றால் கூனிக்குறுகிப் போயிருப்பார்கள். அம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்ததாம். கிடங்கில் இரண்டு தண்ணீர்க் குழாய்கள் உண்டு. நீளம் ஒன்று, குறுக்களவு ஒன்று, நிறம்கூட ஒன்று. ஒன்று அந்த மெஷினில் மாட்டும், மற்றது மாட்டாது. ஏன் என்று எந்த மெக்கானிக்கும் கேட்டதில்லை.

"இத்தனை நாள் இங்கிலீஷ்னா பெரிய அறிவுன்னு பயந்துட்டிருந்தேன்," என்று அன்று அப்பாவிடம் சொன்னாளாம். "வெறும் ஸ்பேர் பார்ட்டுங்க."

கம்பெனி பெயர் தப்பாக அச்சாகி, ஆயிரம் வெற்று அட்டைகள் குப்பைக்குப் போகவிருந்தன. அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒரு ஜோடிக்கு ஓர் அட்டை. முதல் அட்டை 'ஹெவி ரெயின்'. வந்த இடம்: தலைமை அலுவலகம், போன். அகராதியிலிருந்து எடுக்கமாட்டாள். உயிருள்ள ஒரு மனிதர், தேவைப்பட்டு, அந்தச் சொற்களைப் பேசியிருக்க வேண்டும் அல்லது எழுதியிருக்க வேண்டும். அப்போதுதான் வரவு.

கொடுப்பதற்கு இதைவிடக் கடுமையான சட்டம். முதல் தடவை ஒரு ஜோடியை வெளியே எடுக்கும்போது அது நூற்றுக்கு நூறு உண்மையாக இருக்க வேண்டும். பழகிப் பார்ப்பதற்காகச் சொல்லக்கூடாது. உண்மையான ஆளிடம், உண்மையான சந்தர்ப்பத்தில் சொல்லி, தேதி போட வேண்டும். அதன் பிறகு அது ஓடுகிற சரக்கு, இஷ்டம்போலப் பேசலாம். தேதி விழாதவரை நகராத சரக்கு. முப்பத்தொரு வருடத்தில் அம்மா வெறுத்த ஒரே விஷயம் நகராத சரக்கு. வருடக் கடைசியில் கிடங்கில் அதற்கொரு பட்டியல் போட வேண்டியிருக்கும். வீட்டிலும் போட்டாள்.

இதனால் எங்கள் வீட்டில் எந்தச் சம்பவமும் சும்மா நடக்கவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரைப் பார்த்து, "ஹை ஃபீவருக்கு இன்னும் அரை டிகிரி வேணும்" என்பாள். தப்புக்கு 'மேக் எ மிஸ்டேக்', உதவிக்கு 'டூ எ ஃபேவர்' என்றுதான் போட வேண்டும் என்று தெரிந்த நாளில் வெகுநேரம் யோசித்தாள். "தப்புன்னா உக்காந்து செய்யணும் போல. உதவி போறபோக்குல செஞ்சிடலாம்" என்றாள். அப்பா கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுபவர், பேச்சு குறைவு. "உங்க மேனேஜர் உக்காந்துதான் செய்றாரு" என்றார்.

மயிரிழையில் தப்பிப்பதற்கு 'நாரோ எஸ்கேப்' என்று ஒரு அட்டை. பதினான்கு மாதம் கிடந்தது. ஒருநாள் மேல் ரேக்கிலிருந்து மோட்டார்ப் பெட்டி ஒன்று நழுவி, மேனேஜரின் காதோரம் காற்றை வெட்டிக்கொண்டு தரையில் விழுந்தது. எல்லோரும் அவரிடம் ஓடினார்கள். அம்மா கைப்பைக்கு ஓடினாள்.

"சார்! நாரோ எஸ்கேப்!"

"அம்மா, நான் சாகப் பாத்தேன்!"

"ஆமா சார்," என்றாள் அம்மா. முகமெல்லாம் பல். "மணி என்ன சார் இருக்கும்?"

மேனேஜர் ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அசந்து தூங்குவதற்கு 'ஃபாஸ்ட் அஸ்லீப்'. அதற்கு வாட்ச்மேன் இருந்தார். பகல் இரண்டு மணிக்கு அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது அம்மா பக்கத்தில் போய் நின்றாள். லேசான தூக்கமாக இருந்தால் அட்டை பொய்யாகிவிடும். அவர் காதருகே இரும்பு மூடியைத் தட்டினாள். அசையவில்லை. தொப்பியை எடுத்தாள். அசையவில்லை. மூக்கைப் பிடித்தாள். அவர் அலறிக்கொண்டு எழுந்ததும், "நீங்க ஃபாஸ்ட் அஸ்லீப்பா இருந்தீங்கண்ணே" என்றாள், பாராட்டுப் பத்திரம் வாசிப்பதுபோல. இதன் பிறகும் அவர்கள் இருவரும் நல்ல சிநேகிதர்கள். மற்றவர்கள் தள்ளி நின்றார்கள்.

'ஹேப்பி மேரேஜ்' என்றும் ஓர் அட்டை உண்டு. சந்தோஷமான கல்யாண வாழ்க்கை. ஒரு மெக்கானிக்கின் மனைவி போனில் சொல்லி வந்தது. வருடக் கடைசிப் பட்டியலில் அது இருக்கும். அப்பா மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்பார்.

"இது இன்னும் நகரலையா?"

"பாத்துட்டிருக்கேன்."

"இந்த அட்டை வந்து இருபத்தாறு வருஷம் ஆச்சு."

"அவசரப்பட்டுத் தேதி போட்டா, அப்புறம் அடிச்சுத் திருத்தவா முடியும்?"

இனிச் சித்தி விஷயம். சித்தி அம்மாவைவிட ஆறு வயது சிறியவள். வங்கியில் வேலை. எங்கள் தெருவிலேயே, நாலு வீடு தள்ளி வாடகைக்கு இருந்தாள். ஒரு நாளில் மூன்று முறை வருவாள். இரண்டு முறை சண்டை போட்டுவிட்டுப் போவாள். ஒன்பது வருடங்களுக்கு முன் வங்கிக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில், சொந்தமாக வீடு வாங்கினாள். எல்லோரையும் கூப்பிட்டாள். அவளுடைய வங்கி மேலதிகாரி மனைவியோடு வந்திருந்தார். சித்தி பால்கனியைக் காட்டினாள், பதித்த அலமாரிகளைக் காட்டினாள். கடைசியில், எல்லார் முன்னாலும், அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எப்படிக்கா இருக்கு? உன் வாயால சொல்லு. உண்மையைச் சொல்லணும்."

உண்மையைச் சொல்லணும் என்று அம்மாவிடம் யாரும் சொல்லக்கூடாது. வெளியே கிளம்பினால் நகராத அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுக் கைப்பையில் எடுத்துக்கொள்வாள். அதில் இரண்டு வருடமாக ஒன்று கிடந்தது. 'பிட்டர் டிஸப்பாயின்ட்மென்ட்.' கசப்பான ஏமாற்றம்.

"இட் இஸ் எ பிட்டர் டிஸப்பாயின்ட்மென்ட்," என்றாள் அம்மா, தெளிவாக, ஆங்கிலத்தில்.

மேலதிகாரியின் கையில் இருந்த கோப்பை பாதி வழியில் நின்றது. அம்மா பையைத் திறந்தாள். அட்டையை எடுத்தாள். பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள்.

சித்தி அதற்குப் பிறகு யாரிடம் சொன்னாலும் ஒன்றுதான் சொன்னாள். "சொன்னதைக்கூட மன்னிச்சுடுவேன். எழுதினா! என் வீட்டுச் சுவத்துல அட்டையை வெச்சுத் தேதி போட்டா!"

நாலு மாதம் கழித்து, தப்பான பம்ப் அனுப்பியதற்காகத் தலைமை அலுவலகம் ஒரு கடிதம் எழுதியது. அதிலிருந்து அம்மாவுக்கு 'சின்சியர் அபாலஜி' வரவானது. மனப்பூர்வமான மன்னிப்பு. அட்டையில் 'யாருக்கு' என்ற இடத்தில், கொடுப்பதற்கு முன்பே, பென்சிலால் 'தங்கச்சி' என்று எழுதி வைத்தாள். முன்கூட்டிப் பெயர் எழுதிய ஒரே அட்டை அதுதான்.

அப்பா சொன்னார், "போன்ல சொல்லிடேன்."

"போன்ல சொன்னா எப்படி முழுசா இருக்கான்னு பாக்கறது?"

முதல் தடவை இரண்டாவது பஸ் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். நான் கதவைத் திறந்தேன்.

"சித்தி வீட்ல இல்லையா?"

"தெரியல. பாதி வழியில எனக்குக் கோவம் வந்துடுச்சு. என் கல்யாணத்துல அவ என் தலைமுடியப் பத்திச் சொன்னது ஞாபகம் வந்துச்சு. அப்புறம் எப்படி சின்சியர்? ஸ்டாக்குல திருப்பி வெச்சுட்டேன்."

குறிப்பில் 'திரும்பி வந்தது' என்று எழுதினாள். இரண்டாம் தடவை மாடிப்படி வரை போனாள். மேலேயிருந்து சித்தி யாரோடோ சத்தமாகச் சிரிப்பது கேட்டதாம். "நான் இல்லாம நல்லாத்தான் இருக்கா" என்று திரும்பிவிட்டாள். திரும்பி வந்தது. மூன்றாம் தடவை வாசலில் மணியையே அடித்துவிட்டாள். சித்தி கதவைத் திறந்து, "என்ன, பேனா கொண்டாந்தியா?" என்று கேட்டாள். அம்மா உண்மையைச் சொன்னாள். "ஆமா." கதவு சாத்தப்பட்டது.

திரும்பி வந்தது.

ஒரு வார்த்தை பொய்யாகச் சொல்லியிருந்தால் முதல் மாதமே தீர்ந்திருக்கும். அதை நான் அவளிடம் சொன்னேன். "தப்பான பார்ட்டை மாட்டினா மெஷின் ரெண்டு நாள் ஓடும்டி," என்றாள். "மூணாம் நாள் வீடு முழுக்கத் தண்ணி."

இரண்டு பக்கமும் போய் வருவது நான் மட்டும்தான். எனக்கு லிஃப்ட் பராமரிப்பு வேலை. சித்தியின் கட்டடத்து லிஃப்ட்டும் என் கணக்கில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன் அங்கே போனபோது சித்தியின் வாஷிங் மெஷின் கதவில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"உங்கம்மா கிடங்குல இந்த ரப்பர் இருக்கும். நான் கேக்கமாட்டேன். சும்மா சொல்றேன்," என்றாள் சித்தி.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா நிமிராமல் கேட்டாள். "கேட்டாளா?"

"கேக்கலை. சும்மா சொன்னா."

"மாடல் நம்பர் சொன்னாளா?"

"சீட்டுல எழுதிக் குடுத்தா."

"அப்ப சும்மா இல்ல," என்றாள் அம்மா. சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

அந்த மாடல் நின்று பல வருடம் ஆகிவிட்டது. ரப்பர் எங்கும் இல்லை. அம்மா ஐந்து மாதத்தில் பதினொரு கடிதம் எழுதினாள். தலைமை அலுவலகம், வேறு கிடங்குகள், தொழிற்சாலை. அவளிடமிருந்த ஆங்கிலம் முழுவதும் ஒரு ரப்பருக்காக வெளியே வந்தது. மேனேஜர் சொன்னார், பத்தாவது கடிதத்தைப் படித்துவிட்டுத் தொழிற்சாலைக்காரர்கள் இது ஏதோ உயிர் காக்கும் கருவி என்று நினைத்துவிட்டார்களாம்.

அது அடுத்த செவ்வாய்க்கிழமைதான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை குழாய்க்கு வாஷர் மாற்றினோம்.

அம்மா இறந்த அன்று சித்தி இரண்டு பஸ் ஏறி வந்தாள். ஆட்டோ கிடைக்கவில்லையா என்று யாரோ கேட்டார்கள். அவள் நேராக உள்ளே வந்தாள். அம்மாவின் அருகில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் திட்டினாள். எல்லாம் பழைய திட்டுகள், சுவரில் வைத்துத் தேதி போட்டது உட்பட. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கடைசியா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வர்றதா இருந்தா சித்தி."

"எதுக்கு?"

"கதவு ரப்பர் குடுக்க."

"அதுக்கு மட்டுமா?"

அட்டையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அட்டை கையில் இல்லாமல் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதுபோல் இருக்கும். சித்திக்கும் தன் அக்காவைத் தெரியும். நான் எழுந்து தகரப் பெட்டியையும் அம்மாவின் கைப்பையையும் திறந்து தேடினேன். இல்லை. திரும்பி வந்தபோது சித்தி கிளம்பிக்கொண்டிருந்தாள். வாசல் வரை போனவள், "அந்த ரப்பரை நீங்களே வெச்சுக்கங்க," என்றாள். "ஒழுகினா ஒழுகட்டும்."

மறுநாள் அப்பாவும் நானும் பெட்டியைத் தரையில் கொட்டி, ஒவ்வோர் அட்டையாகப் பார்த்தோம். அறுநூற்று நாற்பது இருந்தன. தேடியது கிடைக்கவில்லை. வேறொன்று கிடைத்தது. அப்பா அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் படித்தார். வெகுநேரம் படித்தார். ஒரு அட்டையில் அவ்வளவு எழுத இடமில்லை.

'ஹேப்பி மேரேஜ்.' ஆறு வருடத்துக்கு முன் தேதி விழுந்திருந்தது. யாருக்கு என்ற இடத்தில்: வாட்ச்மேன். குறிப்பு: வீட்டுக்காரர் எப்படி என்று கேட்டார்.

"வாட்ச்மேன்கிட்ட சொல்லியிருக்கா," என்றார் அப்பா.

நான் தரையில் கிடந்த அட்டைகளை அடுக்கினேன்.

"என்கிட்ட சொன்னா என்ன, குறைஞ்சா போயிடும்?" என்றார். பிறகு, "பட்டியல்ல மட்டும் வருஷா வருஷம் எழுதிக்கிட்டே இருந்தா. ஏமாத்துக்காரி."

அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து சட்டை மாற்றும்போது அதையும் மாற்றிக்கொள்கிறார்.

பத்தாம் நாள் மேனேஜர் வந்தார். கிடங்கில் அம்மாவின் அலமாரியில் இருந்தவற்றை ஒரு பெட்டியில் கொண்டுவந்திருந்தார். டிபன் பாக்ஸ், குடை, மூன்று பேனா. அடியில் பழுப்புக் காகிதம் சுற்றிய வட்டமான பொட்டலம். நூல் கட்டி, நூலில் அட்டை கோத்திருந்தது. ஒன்றல்ல, இரண்டு.

முதல் அட்டை 'சின்சியர் அபாலஜி'. திரும்பி வந்தது, திரும்பி வந்தது, திரும்பி வந்தது. அதன் கீழே 'தங்கச்சி' என்ற பென்சில் எழுத்தின்மேல் இப்போது பேனாவால் எழுதியிருந்தாள். அழுத்தி எழுதியிருந்தாள். தேதி மட்டும் காலி.

இரண்டாவது, ஒன்பது வருடத்துக்கு முந்தைய 'பிட்டர் டிஸப்பாயின்ட்மென்ட்'. சித்தியின் சுவரில் வைத்து எழுதியதால் எழுத்து மேலும் கீழுமாகக் கோணியிருந்தது. யாருக்கு: தங்கச்சி. அன்று எல்லோரும் பார்த்தது அவள் பேனாவை. எழுதியதை யாரும் படிக்கவில்லை. குறிப்பு என்ற இடத்தில் இரண்டே வார்த்தை இருந்தது.

ரெண்டு பஸ்.

மேனேஜருக்குப் புரியவில்லை. "எந்தப் பஸ்ஸும்மா?" என்று கேட்டார். நான் அட்டையை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் படித்தார்.

"வீட்டைச் சொல்லலை அவ," என்றார். "தூரத்தைச் சொல்லியிருக்கா."

"அதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே அன்னிக்கே," என்றேன்.

"எழுதிட்டாளே. எழுதினா சொன்ன மாதிரின்னு நினைச்சிருப்பா."

மேனேஜர் போன பிறகும் பொட்டலம் மேசைமேல் இருந்தது. நான் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ரப்பர் மாட்ட எனக்குத் தெரியும், அரைமணி வேலை. ஆனால் மன்னிப்பு என்னுடையது அல்ல. நான் சித்திக்கு எந்தத் தப்பும் செய்யவில்லை. என் வாயால் சொல்லி, என் கையால் தேதி போட்டால், அம்மாவின் சட்டப்படி அது பொய்க் கணக்கு. போடாவிட்டால் அது நகராத சரக்கு. அவள் எதை அதிகம் வெறுத்திருப்பாள் என்று யோசித்தேன்.

அப்பாதான் சொன்னார்.

"ரெண்டு அட்டையையும் அவகிட்டயே குடு. பேனாவையும் குடு. இது முழுசா இருக்குன்னு அவளுக்குத் தோணுற அன்னிக்கு அவளே தேதி போட்டுக்கட்டும்."

"போடலைன்னா?"

"திட்டிக்கிட்டேயாவது வெச்சிருப்பா. அவ அக்கா எழுத்துதானே."

நாளை ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பஸ். மூன்று பேனாவில் நன்றாக எழுதுவது எது என்று எழுதிப் பார்த்து, ஒன்றைப் பையில் வைத்தேன். பொட்டலத்தைத் திருப்பியபோது அடிப்பக்கம் அம்மா எழுதியிருந்ததைப் பார்த்தேன். தனக்கே எழுதிக்கொண்ட குறிப்பு. புது பார்ட் கொடுத்தால் பழைய பார்ட்டைத் திருப்பி வாங்கி வர வேண்டும் என்பது கிடங்கின் விதி. தங்கச்சிக்கும் விலக்கு இல்லை.

'ஓட்டை உள்ள பக்கம் கீழே வர வேண்டும். கம்பி வளையம் கடைசியில். மாட்டியதும் ஒரு தடவை துணி போட்டு ஓடவிட்டு, முடியும் வரை அவளோடு உட்கார்ந்து பார்க்கவும். பழைய ரப்பரை வாங்கி வர மறக்கக்கூடாது.'